கன்று மேய்பாழும் காலனிப் புல்தரையும்

சோழர் காலத்துச் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, அந்த ஊரில் என்னென்ன உண்டோ அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்வார்கள். மரம், கிணறு, மனை, மன்று, குளம், புற்று என்று நீளும் அந்தப் பட்டியலில் 'கன்று மேய்பாழ்' என்று ஒரு சொல் வரும். கன்றுகள் மேய்வதற்காகப் பயிரிடாமல் விட்ட நிலம் என்று பொருள். பாழ் என்ற சொல்லை இன்று நாம் வசவாகத்தான் பயன்படுத்துகிறோம். கெட்டுப் போனதெல்லாம் பாழ். ஆனால் அந்த ஏட்டை எழுதியவர், குளத்தையும் கிணற்றையும் எண்ணிய அதே கவனத்தோடு இந்தப் பாழையும் எண்ணி எழுதியிருக்கிறார். ஏர் படாத அந்தத் துண்டு நிலமும் ஊரின் சொத்துதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

காவிரிப் படுகையில் புல்தரை என்பதற்குப் பழைய பெயர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அதுவே மந்தைவெளி ஆயிற்று. வருவாய்த் துறைக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' ஆயிற்று. நான் காரைக்காலில் அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ நிலப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். நஞ்சை, புஞ்சை, நத்தம், தரிசு என்று வரும் பக்கங்களில் மேய்க்கால் என்ற சொல் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். தீர்வை கிடையாது. யாரும் அதைப் பற்றி மனுக் கொடுப்பதும் கிடையாது, ஆக்கிரமிப்பு நடக்கும் வரையில்.

என் சிறுவயதில் அந்த மேய்க்கால் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறது. மாடுகள் மேயும். மேயாத இடத்தில் பெண்கள் கருக்கரிவாளோடு உட்கார்ந்து புல் அறுத்துக் கட்டாகக் கட்டிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் பையன்கள் சடுகுடு ஆடுவோம். அடைமழையில் ஒரு மாதம் தண்ணீர் நிற்கும்; அப்போது யாரும் காலை வைக்கமாட்டார்கள். தை பிறந்தால் மறுபடி பச்சை. யாரும் அங்கே விதை போடவில்லை, உரமிடவில்லை, தண்ணீர் பாய்ச்சவில்லை. ஆனாலும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. மாட்டின் வாய் புல்லைக் கத்தரித்தது, சாணம் உரமாயிற்று, மழைக்காலம் ஓய்வு கொடுத்தது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பாவின் புல்தரைக் கதை வேறு மாதிரி. நான் 1960களில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் படம் இருந்தது. நடுவில் 335 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமுமாக ஒரே பச்சை. அதற்குப் பெயரே 'தப்பி வேர்', பச்சைக் கம்பளம். பதினான்காம் லூயி காலத்தில் அந்தக் கம்பளத்தை அரிவாள் கொண்டு ஆட்கள்தான் வெட்டியாக வேண்டும். ஆகையால் புல்தரை என்பது பணக்காரர் சங்கதி. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேலுள்ள பிசிறை நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். அதன் பிறகு சாதாரண வீட்டு முன்னாலும் புல்தரை வந்தது. கலெக்டர் பங்களா, கிளப், டென்னிஸ் மைதானம் என்று வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போயிற்று.

நம் கோயில்களுக்குள் அது நுழைந்ததும் அந்த வழியாகத்தான். கர்சன் பிரபு 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்தபோது தாஜ்மகால் தோட்டத்தைச் சீர்படுத்தச் சொல்லி, அங்கே அகலமான புல்தரைகள் வந்தன. 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொல்லியல் துறையில் தோட்டக்கலைக்கென்றே தனிப் பிரிவும் ஏற்பட்டது. இன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால் விமானத்தைச் சுற்றிப் பரந்த புல்தரை. தாராசுரத்திலும் புல்தரை. ராஜராஜனும் ராஜேந்திரனும் கோயிலுக்கு நந்தவனம் வைத்தார்கள், அதற்கு நிலமும் ஆளும் கொடுத்தார்கள். புல்தரை வைத்ததில்லை. இருந்தாலும் நான் குறை சொல்லவில்லை. சித்திரை வெயிலில் அந்தப் பச்சை கண்ணுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது.

தாராசுரத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயில் இன்றைய தெரு மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. எட்டு நூற்றாண்டுகளில் சுற்றிலும் மண் உயர்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் முன்புறம் குளமாகிவிடும். படுகையின் களிமண்ணில் புல் வளர்க்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாகப் போகும் என்பதை.

நம் களிமண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்மண். வடக்கே வெண்ணாறு, வெட்டாறு தாண்டினால் கருங்களி. ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மாசி பங்குனியில் வயலில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்திருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அந்த வெடிப்பு நோயல்ல, மண் மூச்சு விடுவதற்கான வழி. நாற்று நடும் முன் சேறாக்கித் தண்ணீரைக் கட்டி நிறுத்துவதற்கு இந்த மண்ணைப் போல் தோதான மண் வேறு கிடையாது. நெல்லுக்கு அது வரம். அதே குணம்தான் புல்தரைக்குச் சங்கடம். ஈரமாக இருக்கும்போது லாரியோ காலோ பட்டுவிட்டால் இறுகிப்போகும். பிறகு வேருக்குக் காற்றும் கிடையாது, தண்ணீரும் இறங்காது.

இப்படி இறுகின வெற்றிடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்தாலே மண்ணின் குறை தெரிந்துவிடும். கோரை மண்டியிருந்தால் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம். நெருஞ்சி படர்ந்திருந்தால் காய்ந்து இறுகிய மண். கடலோரத்தில் உமரி முளைத்தால் உப்பு. பொடுதலை தரையோடு தரையாகப் படர்ந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. பார்த்தீனியம் வந்தால், யாரோ எங்கிருந்தோ கிளறிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அந்தச் செடி இந்தியாவில் முதன்முதலாகப் பூனாவில் 1955இல் கண்டறியப்பட்டது. இன்று அது இல்லாத காலிமனை இல்லை.

இந்தக் களைகளுக்கு நடுவே ஒன்று இருக்கும்: அறுகு. எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இதன் பெயர் 'ஷியென்தான்' என்று சொல்லிக் கொடுத்தார். நாய்ப்பல் என்று பொருள். பிரெஞ்சுக் குடியானவனுக்கு அது பரம எதிரி. பிடுங்கப் பிடுங்க வரும் தொல்லை என்பதால், அவர்கள் பேச்சில் சிக்கலுக்கே அந்தப் பெயரைச் சொல்வதுண்டு. இதன் விஞ்ஞானப் பெயரான சைனோடான் டாக்டிலான் என்பதிலும் நாய்ப்பல்லும் விரலும்தான் இருக்கின்றன. காலையில் வகுப்பில் அது நாய்ப்பல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாட்டி அதையே பறித்து வரச் சொல்லிப் பிள்ளையார் தலையில் வைப்பாள். கல்யாணத்தில் ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ வாழ்த்துவார்கள். நம் விவசாயிக்கும் அது வயலுக்குள் வந்தால் களைதான். வரப்பில் இருந்தால் மண்ணைப் பிடித்துக் கட்டிக் காக்கும் காவல்காரன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுவதும் வெப்ப நாடுகளில் கோல்ஃப் மைதானத்துக்குப் போடுகிற விலை உயர்ந்த புல்லும் இந்த அறுகின் வாரிசுதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, அறுகையும் ஆப்பிரிக்காவின் இன்னொரு அறுகையும் கலந்து 1950களிலிருந்து புதுப்புது ரகங்களை வெளியிட்டார். அதே மனிதர் உருவாக்கிய கம்பு வித்துதான் 1965இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்புக்குத் தாயாக இருந்தது. ஒரே ஆள் பணக்காரன் விளையாடவும் ஏழை சாப்பிடவும் புல் கொடுத்திருக்கிறார்; கம்பும் புல் வகைதானே!

ஆக, நம் களிமண்ணுக்கு ஏற்ற புல் ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது. வெயில், கொஞ்சம் உப்பு, சில நாள் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். பிறகு ஏன் தரை வெறிச்சோடிக் கிடக்கிறது? மண் மெலிந்துவிட்டதுதான் காரணம். மெலிந்த களிமண்ணைத் தேற்றும் வித்தையை இந்தப் படுகை புல்தரைக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. சோற்றுக்காகக் கற்றுக்கொண்டது.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்படுவதற்கு முன், ஆடியில் வரும் புதுப்புனல் வண்டலோடு வரும். அந்த வண்டல் வயலில் படியும். ஆறே வருடா வருடம் மண்ணைப் புதுப்பித்தது. அணை வந்த பின் தண்ணீர் முறையாக வந்தது, புது ஆறு வெட்டிப் புதிய நிலங்களும் பாசனம் பெற்றன. ஆனால் வண்டலில் பெரும் பங்கு மேலேயே தங்கிவிடுகிறது. ஆற்றைத் தவிர வேறு வழிகளும் நம்மவர்களிடம் இருந்தன. கோடையில் ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டி வருவார்கள். இரவில் வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளிப்பார்கள். மிச்ச ஈரத்திலேயே அது விளையும். அதன் வேர் களியைத் துளைத்து வழி பண்ணும், தழைச்சத்தும் கொடுக்கும். பிறகு பசுந்தாள்: தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, சணப்பு, சீமை அகத்தி. மணிலா அகத்தி என்று பின்னால் வந்த ஒன்று, வேரில் மட்டுமின்றித் தண்டிலும் தழைச்சத்து முடிச்சு கட்டும். செனகல் நாட்டுச் செடி அது. அந்த அதிசயத்தை 1981இல் விஞ்ஞான உலகத்துக்குச் சொன்னவர்கள் ட்ரேஃபூஸ், டொம்மெர்க் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். என் பள்ளிக்கூட பாஷை எனக்குக் கொடுத்த சின்னச் சந்தோஷங்களில் இதுவும் ஒன்று.

இந்த வித்தைக்கெல்லாம் பெரிய பரீட்சை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. நாகப்பட்டினம், காரைக்கால் கரைகளில் கடல் ஏறி வந்தபோது போன உயிர்களைப் பற்றி இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பின்னால் நிலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடற்சேறு படிந்து, மேலே வெள்ளை பூத்து, ஒரு புல் பூண்டு இல்லாமல் கிடந்தது. இனி இது நிலமே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் அப்போது நாகை கிராமங்களில் வந்து நின்றார். கடற்சேற்றை வழித்து எடுத்தார்கள். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிய விட்டார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005ஆம் வருடத்து வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்தது; அந்த வருணனுக்கும் இதில் பங்கு உண்டு. நிலம் மீண்டது. உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் வைத்திருந்த கடலோர விவசாயிகளின் அருமை அப்போது பலருக்குப் புரிந்தது.

கடல் ஏறிய நிலமே தேறும் என்றால், காலனிப் பூங்கா தேறாதா?

நான் இப்போது தஞ்சாவூரில் வெண்ணாற்றுப் பக்கம் ஒரு காலனியில் இருக்கிறேன். இருபது வருடங்களுக்கு முன் இது இருபோக நஞ்சை. மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று அரை மா, அதாவது சுமார் பதினாறரை சென்ட், விட்டார்கள். வீடு கட்டிய லாரிகளெல்லாம் அதன் மேல்தான் திரும்பின. செங்கல் துண்டும் சிமெண்டுக் கழிவும் அங்கேதான் விழுந்தன. பிறகு ஒரு தோட்ட ஒப்பந்தக்காரர் வந்து நாலு அங்குலம் செம்மண் கொட்டி, கொரியன் புல் பதித்துப் பணம் வாங்கிக்கொண்டு போனார். இறுகிய களிக்கு மேல் வேறு மண்ணை அடுக்கினால், தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடும். முதல் அடைமழையிலேயே புல் அழுகிற்று. செம்மண்ணோடு வந்த கோரைக் கிழங்கும் பார்த்தீனியமும் பிழைத்துக்கொண்டன.

இரண்டு வருடங்களுக்கு முன் சங்கக் கூட்டத்தில், பேசாமல் முழுவதும் பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. சுத்தமாக இருக்கும், பாம்பு வராது, கார் நிறுத்தலாம் என்றார்கள். கைகள் உயர்ந்துவிட்டன. நான் எழுந்து ஒன்றுதான் கேட்டேன்: "இங்கே இறங்குகிற மழைத் தண்ணீர் நாளைக்கு யார் வீட்டு வாசலுக்குப் போகும்?" பள்ளத்தில் வீடு உள்ள நாலு பேர் உடனே கையை இறக்கினார்கள். ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள்.

செய்தது இவ்வளவுதான். முதலில் மழைக்காலம் முழுவதும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வைத்தோம். ஒரு பாட்டிலில் மழைத் தண்ணீர் ஊற்றி ஒரு பிடி மண்ணைக் கலக்கி வைத்தோம். மறுநாள் தெளிந்தது. நாள் கணக்கில் கலங்கியே இருந்தால் களர்த் தன்மை என்று சந்தேகிக்கலாம். அப்போது மண் பரிசோதனை செய்து ஜிப்சம் இட வேண்டும். களர் இல்லாத களிக்கு ஜிப்சம் வீண் செலவு. மணல் கொட்டலாம் என்று ஒருவர் சொன்னார். களியில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் சூளை போடாத செங்கல்தான் கிடைக்கும் என்று தடுத்தோம்.

சித்திரையில் கட்டடக் கழிவைப் பொறுக்கி, கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கொத்திப் புரட்டினோம். கோடை உழவு மாதிரிதான். கோரைக் கிழங்கு வெயிலில் காய்ந்தது. காயாததைப் பெண்கள் பொறுக்கினார்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு வைத்து, கீழ்ப்பக்கம் ஒரு வடிகால் வெட்டினோம். வைகாசியில் மூன்றரைக் கிலோ தக்கைப்பூண்டு விதைத்தோம். ஏக்கருக்கு இருபது கிலோ என்பது கணக்கு. நாற்பத்தைந்து நாளில் என் மார்பு உயரத்துக்கு வளர்ந்தது. "ஐயா, பூங்காவைக் காடாக்கிட்டீங்களே" என்று கிண்டல் செய்தார்கள். பூக்கும் முன் வெட்டி, மக்கிய சாண எருவோடு மண்ணுக்குள் புதைத்தோம். நிழலில் கோரைக்குப் பாதி உயிர் போயிருந்தது. ஆடிக் கடைசியில், பக்கத்து வாய்க்கால் கரையிலிருந்து அறுகு கொண்டுவந்து கணுவோடு நறுக்கி, நாலு அங்குலத்துக்கு ஒன்றாக நட்டோம். ஐப்பசி மழைக்கு முன் அது ஓடிப் பிணைந்துகொண்டது.

மழைக்காலத்தில் கயிறு கட்டி யாரையும் உள்ளே விடவில்லை. தை முதல் வாரத்துக்கொரு முறை வெட்டுகிறோம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டுவதில்லை. வெட்டிய புல் மாடு வைத்திருக்கிற ஒருவருக்குப் போகிறது, அவரிடமிருந்து எரு வருகிறது. முன்னே சொன்ன மேய்க்கால் கணக்கு இதுதான்: கத்தரிப்பு, சாணம், ஓய்வு. கம்பளம் மாதிரி இருக்கிறதா என்றால் இல்லை. ஓரத்தில் பொடுதலை இருக்கிறது, கீழாநெல்லி இருக்கிறது, கோரை இன்னும் ஐந்தாறு இடத்தில் தலை காட்டுகிறது. ஆனால் வெற்றிடம் இல்லை, தண்ணீர் நிற்பதும் இல்லை. நடப்பதற்காகச் சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு மட்டும் பேவர் பிளாக் போட்டிருக்கிறது. அதில் எனக்கும் சம்மதம்தான். எழுபது தாண்டியவர்கள் நடக்கச் சமமான தரை வேண்டும்.

பெரிய மேய்க்கால்களின் கதி இந்த அரை மாவைப் போல் இல்லை. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பு இருக்கிறது. பதிவேட்டில் மேய்க்கால் என்ற எழுத்தும் பல ஊர்களில் இருக்கிறது. எந்த வரப்பிலிருந்து எந்த மரம் வரைக்கும் அது கிடந்தது என்று கைகாட்டிச் சொல்லக்கூடியவர்கள்தான் குறைந்து வருகிறார்கள். என் வயதுக்காரர்கள் அவரவர் ஊர் மந்தைவெளியின் நான்கெல்லையை ஒரு தாளில் எழுதி, பேரன் பேத்திகள் கையில் கொடுத்து வையுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் என்றைக்காவது ஒரு நாள் அந்தத் தாள் பேசும்.